கமரா வழியே தெரியும் மலை: கலப்பு மெய்ம்மை ஹெட்செட்டை எவ்வளவு நம்பலாம்?

உச்சி வெயில் நேரத்தில் ஒரு தேயிலை ஸ்டோரின் வாசலில் நிற்கிறவருக்குத் தலையைத் திருப்பாமலே இரண்டு உலகங்கள் தெரியும். வெளியே வெயில் பட்டு மினுங்கும் கொழுந்து, அதற்கு மேலே கண் கூசும் வெண்முகில். உள்ளே மங்கிய வெளிச்சத்தில் சுற்றும் ரோலர்கள், பக்கத்தில் நிற்கிறவரின் முகம், அவர் கையில் அள்ளிப் பார்க்கும் தூள். விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெளியே விழும் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். உள்ளே சில நூறு லக்ஸ்தான். கண் இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. இன்று விற்பனையில் இருக்கும் மிக விலை உயர்ந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதே வாசலில் நின்றால், பெரும்பாலும் மலை வெளிறிப்போகும், அல்லது உள்ளே நிற்பவரின் முகம் இருட்டாகிவிடும். அது ஏன் என்று விளங்கிக்கொண்டால், ‘அப்படியே கண்ணால் பார்ப்பது போல’ என்ற விளம்பரத்தில் எதை நம்பலாம் என்பதும் விளங்கிவிடும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். இந்த வகை ஹெட்செட்டில் கண்ணுக்கு முன்னால் வெளியே பார்க்கும் கண்ணாடி எதுவும் கிடையாது. முகத்தை முழுதாக மூடிவிடும் கருவி அது. வெளிப்பக்கத்தில் கமராக்கள், உட்பக்கத்தில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சின்னத் திரைகள், திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் லென்ஸ். கமரா பிடிப்பதைத் திரை உடனுக்குடன் காட்டுகிறது. பாஸ்த்ரூ என்பது இதுதான். எதிரே இருக்கும் மேசையைப் பார்ப்பதாக நாம் நினைக்கிறோம், ஆனால் பார்ப்பது மேசையின் நேரலை வீடியோவை. அந்த வீடியோவின் மேல் கணினி தன் உருவங்களைப் பதிக்கிறது: மேசையில் ஓர் இயந்திரத்தின் முப்பரிமாண மாதிரி, வெறுஞ்சுவரில் ஒரு பெரிய திரை. முழு மெய்யுலகை ஒரு முனையிலும் முழு மெய்நிகர் உலகை மறுமுனையிலும் வைத்து, நடுவில் வரும் கலவைகளை எல்லாம் ஒரே கோட்டில் நிறுத்திக் காட்டியவர்கள் போல் மில்கிராமும் ஃபுமியோ கிஷினோவும். அது 1994இல் வந்த ஆய்வுக் கட்டுரை. கலப்பு மெய்ம்மை என்ற பெயர் பரவியதும் அதன் பிறகுதான்.

உயர்ரகம் என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம்? அப்பிள் விஷன் ப்ரோ 2024 பெப்ரவரி 2ஆம் திகதி அமெரிக்காவில் 3,499 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. பின்லாந்தின் வர்யோ நிறுவனம் 2023 நவம்பரில் அறிவித்த எக்ஸ்ஆர்-4 வரிசையில் ஃபோக்கல் பதிப்பின் விலை அப்போது 9,990 யூரோ. 2025 ஒக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் 1,799 டொலருக்கு வந்தது. இவற்றோடு ஒப்பிட, 2023 ஒக்டோபரில் 499 டொலருக்கு வந்த மெட்டா குவெஸ்ட் 3ஐயும் மனதில் வைத்துக்கொள்ளலாம். டொலர் 300 இலங்கை ரூபா என்று வைத்தாலே விஷன் ப்ரோவின் விலை பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் 770 நாட்களுக்கு மேல் வேலை செய்தால்தான் ஒரு கருவி. ஆகவே மலையகத்தில் இதைத் தொட்டுப் பார்க்கப்போகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ, பயிற்சி நிலையத்திலோ, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரரின் பயணப் பையிலிருந்தோதான் பார்க்கப்போகிறார்கள்.

கணினி படிக்கும் பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்பது பிக்சல், அதாவது படத்தின் புள்ளி, எத்தனை என்றுதான். படத்தின் அழகைக் கேட்கிறார்கள். என் மனதில் உள்ள கேள்வி வேறு: அந்தப் படத்தை நம்பிக் கையை நீட்டலாமா, காலை எடுத்து வைக்கலாமா? எங்கள் ஊரில் வேலை என்பது கையும் காலும் சேர்ந்த விடயம். சரிவில் நிற்க வேண்டும், கானை (வடிகாலை) தாண்ட வேண்டும், கண் கொழுந்தைப் பிடிக்கும் அதே கணத்தில் விரல் அதைக் கிள்ள வேண்டும். ஒரு படம் மிக அழகாக இருந்தும் இந்த விதத்தில் நம்ப முடியாததாக இருக்கலாம். பாஸ்த்ரூவின் தத்ரூபத்தைக் கையாலும் காலாலும் அளக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

சரி, பிக்சலைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். பார்வையின் கூர்மையைப் பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்கு இத்தனை பிக்சல் என்று கணக்கிடுவார்கள். சாதாரண நல்ல பார்வைக்கு ஈடாக 60 பிக்சல் சொல்வது வழக்கம். வர்யோ எக்ஸ்ஆர்-4 தன் திரைக்கு 51 என்கிறது. விஷன் ப்ரோவின் இரண்டு திரைகளிலும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் பிக்சல்கள், பாகைக்கு ஏறத்தாழ 34. குவெஸ்ட் 3இன் திரை 25ஐத் தொட்டாலும் அதன் பாஸ்த்ரூ படம் 18தான். எதிர்மலையில், 300 மீற்றர் தூரத்தில், ஒன்றரை மீற்றர் உயரமான ஒருவர் கொழுந்து பறிக்கிறார் என்று வையுங்கள். வெறுங்கண்ணுக்கு அவர் 17 புள்ளி உயரம். 51 பிக்சல் என்றால் கிட்டத்தட்ட 15, 34 என்றால் 10, 18 என்றால் ஐந்தே ஐந்து. ஐந்து புள்ளியில் யாரோ அசைகிறார் என்று தெரியும். முதுகில் கூடை இருக்கிறதா, மேலே ஏறுகிறாரா, இறங்குகிறாரா என்று தெரியாது.

இதில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெட்டியில் அச்சடிக்கும் எண் திரையின் எண். உலகைக் காட்டுவது கமரா. விஷன் ப்ரோவின் ஒரு திரையில் ஒரு கோடியே 15 லட்சம் பிக்சல் அளவுக்கு இருக்க, அதன் பிரதான கமராக்கள் 6.5 மெகாபிக்சல்தான். கமரா பிடிக்காததைத் திரை உண்டாக்கித் தர முடியாது. ஆனாலும் பிக்சல் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டுதான் வருகிறது. இந்தக் குறை தானாகவே தீரும். தீராமல் இழுத்துக்கொண்டு நிற்பவை வேறு.

பெரிய சிக்கல் வெளிச்சம். ஒரு பரப்பு எவ்வளவு ஒளிர்கிறது என்பதை நிட் என்ற அலகில் சொல்வார்கள். உச்சி வெயில் நேராக விழும் தேயிலை இலை, விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினாலே 3,000 நிட் ஒளிரும். அதற்குப் பின்னால் நிற்கும் வெண்முகில் 10,000 நிட்டைத் தாண்டும். ஹெட்செட்டில் கண்ணை வந்தடைவது பெரும்பாலும் நூறு நிட் அளவில்தான். திரை மங்கலானது என்பதல்ல இதற்குக் காரணம். ஹெட்செட்டை மெல்லியதாக்க இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது பான்கேக் லென்ஸ். அது ஒளியை உள்ளேயே முன்னும் பின்னும் மடித்து அனுப்புகிறது. மடிப்பதற்குப் பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஓர் ஆடி தேவை. ஒளி அதை இரண்டு தடவை சந்திக்கிறது. முதல் தடவையில் பாதி போகிறது, இரண்டாம் தடவையில் மிச்சத்தில் பாதி போகிறது. கணக்குப்படியே நாலில் ஒரு பங்குக்கு மேல் கண்ணுக்கு வராது, நடைமுறையில் அதிலும் குறையும்.

அப்படியென்றால் கமரா 10,000 நிட்டையும் 20 நிட்டையும் சேர்த்துப் பிடித்தாலும், காட்டும் இடத்தில் இரண்டையும் ஒரு சின்ன எல்லைக்குள் நசுக்கித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. வெயிலின் உக்கிரம் போய்விடுகிறது. நிழலின் ஆழமும் போய்விடுகிறது. மலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுதான் முதலில் உறுத்தும். மெட்டாவின் ஆய்வாளர்கள் 2022இல் ஸ்டார்பர்ஸ்ட் என்ற சோதனைக் கருவியைக் காட்டினார்கள். அது 20,000 நிட் வரை எட்டியது. ஆனால் உள்ளே ஒரு சக்தி வாய்ந்த விளக்கு, பார்ப்பதற்கு இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். தலையில் மாட்ட முடியாத கனம். இயற்கை வெளிச்சத்தைப் போலக் காட்டுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்தக் கைப்பிடிகளே சாட்சி.

மறுமுனையில் இருட்டு. விநாடிக்கு 90 படம் காட்டும் கருவியில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11 மில்லிசெக்கன். கமரா அதற்குள் ஒளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் அறையில்) ஒற்றை பல்ப் எரிகிறது, வெளிச்சம் நூறு லக்ஸ் கூட இல்லை என்றால் கமராவுக்கு இரண்டே வழிதான். ஒன்று கிடைத்த கொஞ்ச ஒளியை மின்னணு முறையில் பெருக்கிக் காட்டலாம், அப்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் நெளியும். மற்றது கிடைக்கும் நேரம் முழுவதும் கமராவைத் திறந்து வைக்கலாம், அப்போது அசையும் கை இழுபட்டுத் தெரியும். விஷன் ப்ரோ போட்டுப் பார்த்த பலரும் குறையாகச் சொன்னது இந்த இரண்டையும்தான். பகலில் வெளிச்சமான அறையில் வியக்க வைத்த அதே கருவி, இரவில் சாதாரண வீட்டு விளக்கின் கீழ் பழைய போன் வீடியோ அளவுக்கு இறங்கிவிடும்.

நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டோரில் தூள் நொதிக்கும்போது பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறும். எந்தக் கட்டத்தில் அடுப்புக்கு அனுப்புவது என்பதை டீமேக்கர் நிறத்தையும் மணத்தையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார். கமரா ஒவ்வொரு கணமும் எது வெள்ளை என்று ஊகித்து மற்ற நிறங்களை அதற்கேற்பத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பினால் ஒரு ஊகம், விளக்கின் பக்கம் திரும்பினால் வேறு ஊகம். விஷன் ப்ரோவின் திரை சினிமாத் துறையின் டிசிஐ-பி3 நிறப் பரப்பில் 92 சதவீதத்தைக் காட்டும் என்கிறார்கள். அது திரையின் திறமை. தூள் சரியான பதத்துக்கு வந்துவிட்டதா என்று பாஸ்த்ரூ வழியாகப் பார்த்து முடிவெடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

மின்விளக்கைப் பற்றி இன்னொன்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் குழல் விளக்குகளும் மலிவான எல்இடி பல்புகளும் விநாடிக்கு 100 தடவை ஒளிர்ந்து மங்குகின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விநாடிக்கு 90 படம் எடுக்கும் கமரா அதைச் சந்திக்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாகிய 10, துடிப்பாக வெளியே வரும். அறை முழுவதும் விநாடிக்குப் பத்துத் தடவை துடிப்பது போல, அல்லது திரையில் பட்டை பட்டையாக ஓடுவது போலத் தெரியும். தலைவலி கொண்டுவர அது போதும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் அமெரிக்காவில் செய்யப்படும் விமர்சன வீடியோக்களில் இந்தத் துடிப்பை அப்படியே பார்க்க முடியாது. முதலில் வந்த விஷன் ப்ரோ 90, 96, 100 ஹெர்ட்ஸ் ஆகிய வேகங்களில் ஓடக்கூடியது. 100க்கு மாறும்போது ஒவ்வொரு படமும் விளக்கின் ஒரே கட்டத்தில் விழுவதால் துடிப்பு அடங்கிவிடும். இங்கே கொண்டுவரும் எந்தக் கருவியிலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டிய வசதி இது.

அடுத்தது நேரம். வெளியே நடந்தது கண்ணில் தெரிய எவ்வளவு தாமதமாகிறது? அப்பிள் இதற்கென்றே ஆர்1 என்ற தனிச் சிப்பைப் போட்டு, 12 கமரா, 5 சென்சார், 6 மைக்ரோபோன் தருவதை எல்லாம் அதில் கையாண்டு, 12 மில்லிசெக்கனுக்குள் படத்தைத் திரைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. ஆப்டோஃபிடெலிட்டி என்ற பின்லாந்துச் சோதனை நிறுவனம் அளந்தபோது ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் வந்தது. அதே அளவையில் குவெஸ்ட் 3 உட்பட மற்ற சில கருவிகள் 35க்கும் 40க்கும் நடுவில் இருந்தன. இந்த வித்தியாசம் சின்னது போலத் தோன்றும். ஆனால் கொழுந்து பறிக்கும் கை விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்தால், 40 மில்லிசெக்கனில் அது 4 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். விரல் ஏற்கனவே கொழுந்தில் இருக்கும்போது கண் அதை 4 சென்ரிமீற்றர் பின்னால் பார்க்கிறது. 12 மில்லிசெக்கன் என்றால் ஒரு சென்ரிமீற்றர் சொச்சம். தலை திரும்புவதால் வரும் பிழையை அசைவு சென்சார்களின் துணையோடு கடைசி நேரத்தில் படத்தை நகர்த்திச் சமாளிக்கலாம். கையின் அசைவுக்கு அந்தத் தந்திரம் உதவாது. உயர்ரகக் கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் உண்மையாகவே பெறுமதியான பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான விடயம்: நிற்குமிடம். கமரா இருப்பது நம் கண் இருக்கும் இடத்தில் இல்லை. கண்ணைப் பெயர்த்து ஹெட்செட்டின் முகப்பில் பதித்துவிட்டது போல ஒரு நிலை அது. கமரா கண்ணுக்கு 6 சென்ரிமீற்றர் முன்னால் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். 3 மீற்றர் தூரத்துக் கதவைப் பார்த்தால் அது 2 சதவீதம்தான் பெரிதாகத் தெரியும், யாருக்கும் உறைக்காது. எதிர்மலையில் வித்தியாசமே இல்லை. ஆனால் முகத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில் வைத்துப் பார்க்கும் கொழுந்து, கமராவுக்கு 24 சென்ரிமீற்றரில் இருக்கிறது. கால் பங்கு பெரிதாகவும் கிட்டவாகவும் தெரியும். கமராக்களுக்கு இடையிலுள்ள அகலமும் நம் கண்களின் இடைவெளியும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆழமும் சேர்ந்து பிசகும். வயது வந்தவர்களின் கண்ணிடை அகலம் சராசரியாக 63 மில்லிமீற்றர். ஆளுக்கு ஆள் அது மாறும்.

இதைத் திருத்தலாம். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணித்து, கண் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படிப் படத்தை மறுபடி வரைய வேண்டும். குவெஸ்ட் 3 இந்த வழியில் போகிறது. ஆனால் தூரக் கணிப்பு பிசகும் இடத்தில் படம் நெளியும். கையைச் சுற்றி, கதிரையின் விளிம்பில், போன் திரையில் நெளிவு தெரிவது அதனால்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. கை மறைத்ததால் கமராவுக்குத் தெரியாமல் போன பின்பகுதி, கண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் தெரியவேண்டியதாக இருக்கும். கமரா பார்க்காத அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? ஊகம்தான். விஷன் ப்ரோவில் இந்த நெளிவு மிகக் குறைவு. அதைப் போட்டவர்கள் முதல் தடவையிலேயே ‘உண்மை போல இருக்கிறது’ என்று சொன்னதற்குப் பிக்சலைவிட இதுவே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஒரு தேயிலைச் செடியை இந்தக் கண்ணோடு பாருங்கள். நூற்றுக்கணக்கான மெல்லிய இலைகள், ஒன்றின் பின்னால் ஒன்று. ஒவ்வோர் இலை விளிம்பும் ஒரு தூர எல்லை. காற்றுக்கு எல்லாம் அசைகின்றன. நடுவில் இரண்டு கைகள் வேகமாகப் போய்வருகின்றன. கணினிப் பார்வைக்கு இதைவிடக் கடினமான பரீட்சையை நினைத்துப் பார்ப்பது கஷ்டம். சோபாவும் மேசையும் வெள்ளைச் சுவரும் உள்ள அறைகளில் சோதித்துப் பார்த்த முறைகள் இங்கே தடுமாறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆய்வுகூடங்களில் இதற்கு மாற்று வழி தேடுகிறார்கள். 2022இல் மெட்டா ஆய்வாளர்கள் நரம்பு வலையமைப்பு என்ற கணினிக் கற்றல் முறையைக் கொண்டு கண்ணின் இடத்துப் படத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அதற்கு மேசைக் கணினியின் பலம் வேண்டியிருந்தது. 2023இல் அவர்களே காட்டிய ஃபிளமெரா இன்னும் புத்திசாலித்தனமானது. ஒரு பெரிய கமராவுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன லென்ஸ்கள் வரிசையாக. ஒவ்வொரு லென்ஸுக்குப் பின்னாலும் ஒரு துளை. கண்ணை நோக்கி வந்திருக்க வேண்டிய ஒளிக்கதிர்களை மட்டும் அந்தத் துளைகள் உள்ளே விடுகின்றன. கிடைக்கும் துண்டுப் படங்களைச் சேர்த்தால் கண்ணின் இடத்திலிருந்து பார்த்ததற்கு மிக அருகில் வருகிறது. படத்தைப் பின்னால் திருத்துவதை விட்டுவிட்டு, ஒளியை உள்ளே வாங்கும்போதே சரியாக வாங்குவது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி இது, கடைக்கு வந்த பொருள் இல்லை என்றாலும்.

குவியத்தை (ஃபோகஸை) பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஹெட்செட் கமராக்களின் குவியம் நிலையானது. ஊசியில் நூல் கோக்கும் தூரத்தில் எதைப் பிடித்தாலும் மங்கும். வர்யோவின் ஃபோக்கல் பதிப்பு கண் எங்கே பார்க்கிறது என்று தொடர்ந்து கவனித்து, கமராவின் குவியத்தை அங்கே கொண்டுபோகிறது. விலை அந்த உயரத்துக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் கமராவே வேண்டாம், கண்ணாடி வழியாக நேரே பார்க்கலாமே? ஐவன் சதர்லண்ட் 1968இல் செய்த முதல் தலைக்கருவியே அந்த வகைதான். 2019இல் வந்த மைக்ரோசொஃப்டின் ஹோலோலென்ஸ் 2உம் அப்படித்தான். உலகம் உள்ளபடியே தெரியும், தாமதமும் நெளிவும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி ஒளியைக் கூட்ட மட்டுமே முடியும், குறைக்க முடியாது. கறுப்பை வரைய முடியாது. மலை வெயிலில் உருவங்கள் ஆவி போலக் கரைந்துவிடும். ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தி 2024இல் நின்றுபோனது. கமரா வழி இப்போதைக்கு வென்றிருக்கிறது. அதன் குறைகளோடு வாழப் பழக வேண்டியிருப்பது அதனால்தான்.

மலையில் இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பேசும்போது பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி மனதைத் தொடுகிறது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களை மலையின் மேலேயே சிவப்பாகக் காட்ட முடியாதா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறக்காத ஊர் இது. கேள்வி நியாயமானது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அபாய வலய வரைபடங்களும் இருக்கின்றன. ஆனால் பாஸ்த்ரூவின் மேல் அதைச் சரியாகப் பதிப்பதற்கு மலை எங்கே இருக்கிறது என்று கருவிக்குத் தெரிய வேண்டும். ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் லைடார் சென்சார் சில மீற்றர் வரைதான் எட்டும். இரண்டு கமராக்களை வைத்து அளக்கலாம் என்றால், ஆறரை சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கமராக்களுக்கு 300 மீற்றர் தூரத்துப் பாறை காட்டும் வித்தியாசம் அரைப் பிக்சல் கூட வராது. மிஞ்சுவது திசைகாட்டி. அதில் ஒரே ஒரு பாகை பிழைத்தால் 300 மீற்றரில் கோடு 5 மீற்றர் விலகி விழும். ஒரு காம்பராவின் அகலத்தைவிட அது அதிகம். எந்த வீட்டுக்காரர் வெளியேற வேண்டும் என்பது மாறிப்போகும் அளவு. இந்த வேலைக்குக் கையில் பிடித்த வரைபடமும் தரையில் நடப்பட்ட அடையாளக் கட்டையும்தான் இன்னும் நம்பகமானவை.

பனிமூட்டம் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஹெட்செட் தான் எங்கே இருக்கிறது என்பதைச் சுற்றிலும் உள்ள மூலைகள், விளிம்புகள், தெளிவான புள்ளிகளைப் பின்தொடர்ந்துதான் அறிகிறது. மூட்டத்தில் அவை அழிந்துபோகின்றன. தெரிகிற கொஞ்சமும் காற்றில் அசையும் இலைகள். உலகம் அசைகிறதா, தலை அசைகிறதா என்று கருவி குழம்பும்போது பதித்த உருவங்கள் வழுக்கிக்கொண்டு போகும். இதில் விஷன் ப்ரோ என்றால் 600 கிராமுக்கு மேல் முகத்தில் கனம். மனிதப் பார்வையின் அகலம் ஏறத்தாழ 200 பாகை, ஹெட்செட்டில் அதில் பாதி. மேலே இருந்து கீழேயும் குறுகல்தான். ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறவர் தன் காலைப் பார்க்கத் தலையை முழுக்கக் குனிய வேண்டும். வெயில் லென்ஸுக்குள் நேராக விழுந்தால் உள்ளிருக்கும் திரையே எரிந்து கெடும் என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கிறார்கள். சரிவுப் பாதைக்கு இதைக் கொண்டுபோகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கழற்றிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஜோர்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் 1890களில் உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸைப் பல நாட்கள் அணிந்து பார்த்தார். நாளடைவில் உடம்பு அதற்குப் பழகிக்கொண்டது. 1998இல் ஃபிராங்க் பியொக்காவும் ஜானிக் ரோலண்டும் இடம் மாறிய கமராப் பார்வையோடு ஆட்களைக் கைவேலை செய்யவிட்டார்கள். முதலில் தடுமாறினார்கள், பிறகு பழகினார்கள். ஆனால் கருவியைக் கழற்றியதும் கை எதிர்த் திசையில் பிழைத்தது. மூளை புதிய அளவைக்கு மாறியிருந்தது, பழைய அளவைக்குத் திரும்ப நேரம் எடுத்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சனும் அவரது குழுவினரும் பாஸ்த்ரூ ஹெட்செட்டோடு வெளியே நடமாடிப் பார்த்து எழுதிய ஆய்விலும் இதே எச்சரிக்கை உண்டு: தூரத்தைப் பிழையாக மதிப்பிடுவது, குமட்டல், கழற்றிய பிறகும் தொடரும் தடுமாற்றம். சுற்றியிருந்த மனிதர்கள் பக்கத்தில் இல்லாதவர்கள் போல, தொலைக்காட்சியில் தெரிகிறவர்கள் போலத் தோன்றினார்கள் என்றும் அவர்கள் எழுதினார்கள். இது பிக்சலால் தீரும் குறையா என்று எனக்குச் சந்தேகம்.

இவ்வளவும் சொன்னதால் மலையகத்துக்கு இது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல, சீரான வெளிச்சமுள்ள ஒரு பயிற்சி அறை. ஒன்றிலிருந்து மூன்று மீற்றர் தூரத்தில் நிற்கும் பொருட்கள். நின்றோ உட்கார்ந்தோ செய்யும் வேலை. இந்த எல்லைக்குள் இன்றைய உயர்ரகப் பாஸ்த்ரூ உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ரோலருக்குள் என்ன நடக்கிறது, உலர்த்தியின் உள்ளே சூடான காற்று எந்த வழியாகப் போகிறது என்பதை, பிள்ளையின் விரலுக்கு எந்த ஆபத்தும் இல்லாமல் மேசை மேல் திறந்து காட்டலாம். அவன் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரின் முகத்தையும் தன் குறிப்புப் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டே படிக்கலாம். முற்றாக மூடிய மெய்நிகர் உலகில் அது முடியாது. ஒரு நிலையத்துக்கு ஒரு கருவி இருந்தால் ஒரு வகுப்பே மாறி மாறிப் பயன்படுத்தலாம், அப்போது விலையும் தாங்கக்கூடியதாகிறது.

யாராவது ஒன்றைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கத் தந்தால், காட்சிப் படங்களைப் பார்ப்பதற்கு முன் சிலதைச் செய்து பாருங்கள். இரவில் வீட்டு பல்பின் கீழ் போட்டு, சுவர் துடிக்கிறதா என்று கவனியுங்கள். போனில் வந்த ஒரு குறுஞ்செய்தியை வாசியுங்கள். முகத்துக்குக் கிட்டே விரல்களை விரித்து ஆட்டி, விளிம்பு நெளிகிறதா என்று பாருங்கள். ஒருவர் மெதுவாகத் தூக்கிப் போடும் பந்தைப் பிடியுங்கள். ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை நிற்கவைத்து, அவர் முகமும் வெளியே இருக்கும் மலையும் ஒன்றாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். கழற்றியதும் உடனே படியிறங்க வேண்டாம், மோட்டார் சைக்கிளையும் எடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கை வைத்த இடத்தில் பொருள் இருக்கிறதா என்று இரண்டொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.